தென்னார்க்காட்டு உபதேசியார்

கடல் கடந்து வந்த கிறித்தவ மிஷன்களின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியப் பாதிரிமாரின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டிருந்தாலும், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியையும் பொறுத்தவரை, ஊர் ஊராகச் சென்று மறையைக் கற்பித்தவரும், சாவுக்கும் திருமணத்துக்கும் முன்நின்றவரும், சபைக்குள் எழுந்த சச்சரவுகளைப் பேசித் தீர்த்தவரும் உபதேசியார் எனப்பட்ட உள்ளூர்த் தமிழரே. கத்தோலிக்கர் இவரை வேதியர் என்றும் அழைத்தனர். குருப்பட்டம் பெறாதவராதலால் நற்கருணை வழங்கும் உரிமை இவருக்கு இல்லை. ஆயினும் பாதிரியார் எப்போதோ வந்துபோன ஊர்களில் சபை இவரை நம்பியே நடந்தது. இவரை யார் எவ்வாறு பயிற்றுவித்தனர், எந்த எல்லைக்கு மேல் உயரவிடாமல் நிறுத்தினர் என்பவை இரண்டும் சேர்த்தே ஆராயப்பட வேண்டியவை.

இப்பயிற்சிக்கெனத் தமிழில் எழுதப்பட்ட முக்கியமான நூல் ஒன்று இப்பகுதியோடு தொடர்புடையவரால் இயற்றப்பட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, விருத்தாசலம் பகுதியிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், தேம்பாவணிக் காவியத்தை முடித்த சில ஆண்டுகளுக்குள், வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் காவியத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கிவிட்டு இந்நூலை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். திருச்சபை வரலாற்றில் அதன் இடம் வேறு. விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள் மிகப் பரந்த நிலப்பரப்பைக் கவனிக்க வேண்டியிருந்த, இயேசு சபையின் மதுரை மிஷனில், குரு இல்லாத நாட்களில் அவர் சார்பில் பேசுபவரின் ஒழுக்கமும் பக்தியும் சிதையாமல் காப்பது மிஷனின் உயிர்நிலையாக இருந்தது என்பதை அந்நூல் எழுதப்பட்டதே காட்டுகிறது.

லுத்தரன் மரபின் பயிற்சி தரங்கம்பாடியில் தொடங்கிற்று. டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த அடுத்த ஆண்டிலேயே, ஆசிரியரையும் உபதேசியாரையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். கடலூரில் பிறந்த வேளாளரான ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் புராட்டஸ்டண்டு போதகரானார். இந்த நாளைக் கொண்டாடுவோர் அதன் மறுபக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்ற உபதேசியார் ஊழியத்தில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் பறையர் ஒருவர் கையிலிருந்து நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனெரிகள் அஞ்சியதால், 1741இல் இரண்டாவது குருப்பட்டம் தியோகு என்பவருக்கு வழங்கப்பட, இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

கத்தோலிக்கரிடையே உள்நாட்டுக் குருமாரை உருவாக்கும் பேச்சு உறுதியான வடிவம் பெற்றது 1844இல் புதுச்சேரியில் கூடிய திருச்சபை மாமன்றத்தில். இயேசு சபை கலைக்கப்பட்ட பின் 1776இல் இப்பகுதியின் பொறுப்பை ஏற்ற பாரீஸ் வேற்றுநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ஆயர் பொன்னான் கூட்டிய அம்மாமன்றம், தமிழ்க் குருக்களைப் பெருக்குவதே மிஷனின் முதற்கடமை என்று வலியுறுத்தியது. அதன் முடிவுகள் ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட, 1845இல் அங்கிருந்து உள்நாட்டுக் குருக்களைப் பற்றிய அறிவுரை உலக மிஷன்கள் அனைத்துக்கும் பிறந்தது. தென்னார்க்காட்டுச் சிற்றூர்களின் அனுபவமும் கலந்த ஒரு விவாதம் சீனா, ஆப்பிரிக்கா வரை எதிரொலித்தது என்பது இங்குள்ளோரும் அதிகம் அறியாத செய்தி.

கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் வட்டாரத்துக்கு லுத்தரன் சபை வந்த கதை சாதியை முன்னிட்டு எழுந்த ஒரு பிளவிலிருந்து தொடங்குகிறது. தரங்கம்பாடி மரபை ஏற்ற லைப்சிக் மிஷன், சாதியைச் சமூக ஒழுங்காகக் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அதன் இயக்குநர் கிரவுலின் கொள்கையைப் பின்பற்றியது. மாறாக, 1850இல் கூடிய சென்னை மிஷனெரிகள் மாநாடு, சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக எல்லோரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று கோரியது. இக்கோரிக்கையின் பக்கம் நின்ற ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனை விட்டு விலகி, பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்ற நிலையத்தை அமைத்தார். 1821இல் தோன்றிய டேனிஷ் மிஷனெரி சங்கம் 1860களில் அவரைத் தன் பணியாளராக ஏற்றது. திருக்கோவிலூரும் பின்னர் கள்ளக்குறிச்சியும் அச்சங்கத்தின் நிலையங்களாயின. ஒரே பந்தி என்ற நிபந்தனையை ஏற்று மேற்சாதியினர் பெருமளவில் வரவில்லை. வந்தோரில் மிகப் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த பறையர். இதன் விளைவு ஓக்ஸ் எண்ணிப் பார்த்திராத ஒன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்களிடையிலிருந்தே இச்சபைகளின் உபதேசியாரும் ஆசிரியரும் வர வேண்டியதாயிற்று.

அதனால் பயிற்சி என்பது இறையியலுக்கு முன் எழுத்தில் தொடங்கியது. நிலையத்து விடுதியில் தங்கிப் படித்த சிறுவன் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை வினாவிடையாக மனப்பாடம் செய்து, வேதாகமக் கதைகளையும் ஞானப்பாட்டுகளையும் கணக்கையும் கற்று, பின்னர் ஒரு சேரிக்கு அனுப்பப்பட்டு, பகலில் பள்ளிக்கூடம் நடத்துபவனாகவும் மாலையில் செபம் சொல்பவனாகவும் வளர்ந்தான். 1876–78 பஞ்சத்தை ஒட்டி ஞானஸ்நானம் கேட்டு வந்தோர் பெருகியபோது, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற வேறுபாடின்றி எல்லா மிஷன்களுக்கும் பணத்தைவிட உபதேசியாரே பற்றாக்குறையாயினர். இம்முறையின் குறை அதன் சம்பளத்தில் இருந்தது. மிஷனிடம் சம்பளம் பெற்றவர் மிஷனுக்குக் கணக்குச் சொல்பவரானாரே தவிர, தம் ஊர்ச் சபைக்குக் கணக்குச் சொல்பவராகவில்லை. சபையைத் தாமே நடத்தும் பழக்கம் மக்களுக்கும் வெகுகாலம் வாய்க்கவில்லை.

மேற்கே எழும் கல்வராயன் மலையில் இந்த முறை ஏன் அதே வேகத்தில் பரவவில்லை என்பது தனியாக எண்ணிப் பார்க்கத் தக்கது. சாலையின்மையும் மலைக்காய்ச்சலும் காரணங்கள்தாம். ஆனால் அவை மட்டும் போதா. சமவெளிச் சேரியில் உபதேசியாரின் சொல்லுக்குப் பின்னால், பண்ணையாரையும் காவலரையும் எதிர்கொள்ளத் துணை நிற்பார் மிஷனெரி என்ற நம்பிக்கை இருந்தது. மலையிலோ, காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தம் மரபைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர், கரியராமனை வழிபட்டு, சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் ஆளுகையில் வாழ்ந்தனர். ஜாகீர் என்பது வரி தண்டும் உரிமையோடு கூடிய பரம்பரை ஆட்சிப்பகுதி. கல்வராயனில் அது 1976 வரை நீடித்தது. தீண்டாமையிலிருந்து விடுதலை என்ற வாக்குக்குத் தம் மலையில் தம்மைத் தாழ்ந்தவராகக் கருதாத மக்களிடம் பொருள் குறைவு. ஜாகீர்தாரை மீறி உதவும் ஆற்றல் உபதேசியாருக்கு அறவே இல்லை.

உயர்கல்வி வழியாகத் தலைவரை உருவாக்கும் முயற்சியிலும் டேனிஷ் சங்கத்தின் பங்கு உண்டு. 1889இல் அச்சங்கத்தின் மிஷனெரியாகச் சென்னைக்கு வந்து பின்னர் அதனின்று விலகிய லார்சன், 1910இல் தொடங்கப்பட்ட பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக 1911 முதல் 1924 வரை இருந்ததோடு, தமிழ் வேதாகமத் திருத்தப் பணியையும் முன்னின்று நடத்தினார். சங்கத்தின் சபைகள் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாகத் தமிழர் பொறுப்புக்கு வந்தன. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி பிறந்தபோது, அத்திருச்சபையும் அதில் பங்கேற்றது. அங்கே, மாணவர் சேரிகளில் மக்களோடு தங்கிக் கற்பது பாடத்திட்டத்தின் பகுதியாக்கப்பட்டது.

குருமடங்களும் கல்லூரிகளும் இவ்வளவு வளர்ந்த பின்னரும், 2008 மார்ச்சில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், தாங்கள் கட்டிய ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவித்துத் தமக்கெனக் குருவை அனுப்ப வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கோரியதை ஒட்டி மூண்ட சாதிக் கலவரத்தில், காவலரின் துப்பாக்கிச் சூட்டுக்கு வன்னியக் கத்தோலிக்கர் இருவர் பலியாயினர்.