வீட்டுக் கணக்கிற்கு எத்தனை கணக்கர்?

வீட்டு வரவு செலவை எழுதிவைக்கும் மென்பொருளுக்குப் பல கோர்கள் கொண்ட பிராசஸரால் பயன் உண்டா? புதிய கணிப்பொறி வாங்கப் புகும் குடும்பத்தாருக்கு இது பணத்தைப் பற்றிய வினா. இதன் விடையைக் கணிப்பொறியின் வரலாற்றிலேயே தேடலாம் என்று கருதுகிறேன்.

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவரின் 'விசிகால்க்' வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறின. அது முதலில் இயங்கிய ஆப்பிள் 2 பொறியின் பிராசஸர் விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறையே துடித்தது. 1983இல் தொடங்கப்பெற்ற இன்ட்யூட் நிறுவனம், காசோலைப் பதிவேட்டைத் திரைக்குக் கொண்டுவந்த 'குவிக்கன்' மென்பொருளை அளித்தது. வீட்டுக் கணக்கு கணிப்பொறியில் குடியேறிய காலம் அது. அன்று ஒரு பொறிக்கு ஒரே கணக்கர்தான்.

பின்னர் அக்கணக்கரின் வேகம் மட்டும் பெருகிற்று. 2004இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 விநாடிக்கு 380 கோடித் துடிப்பை எட்டியது. 400 கோடியை எட்டும் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. வேகம் கூடக்கூட வெப்பமும் மின்செலவும் அளவின்றி ஏறியதே தடையாயிற்று. ஆகவே, 2005இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒரே பிராசஸரில் இரண்டு கோர்களை அமைத்து, மேசைக் கணிப்பொறிகளுக்காக விற்றன. ஒருவரை இன்னும் விரட்டுவதை விடுத்து, இருவரை அமர்த்திய கதை இது.

இருவர் அமர்ந்தால் வேலை பாதி நேரத்தில் முடியுமா? ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் 1967இலேயே இதற்கு விடை கூறியிருக்கிறார். பிரித்துக் கொடுக்க இயலாத பகுதியே மொத்த வேகத்திற்கு எல்லை வகுக்கிறது. பத்து நிமிட வேலையில் ஐந்து நிமிடம் ஒருவரே செய்ய வேண்டியதாயின், நால்வர் கூடினாலும் ஆறேகால் நிமிடம் ஆகும்; நாற்பதின்மர் கூடினாலும் ஐந்து நிமிடத்திற்குக் குறையாது.

இனி நம் பேரேட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு வரியின் இருப்பும் முந்தைய வரியின் இருப்பைப் பற்றி நிற்கிறது. அன்றியும், நாளொன்றுக்குப் பத்துப் பதிவு எழுதும் இல்லத்தில் பத்தாண்டில் சேர்வன 36,500 வரிகளே. இக்காலப் பிராசஸரின் ஒரே கோர் அவற்றைக் கூட்டி முடிக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டா. காத்திருப்பு நேர்வது பெரும்பாலும் வட்டிலிருந்து கோப்பைப் படிக்கையிலும், வங்கியிலிருந்து விவரம் வருகையிலும்தான். நம் விரல்கள் எண்களைத் தட்டும் நேரமோ இவற்றினும் பெரிது!

அப்படியாயின் பல கோர்கள் வீணோ? அல்ல. கணக்கு எழுதும்போதே வைரஸ் தேடும் மென்பொருளும் வேறு பணிகளும் நடக்கின்றன. அவற்றை மற்றொரு கோர் ஏற்றால் நம் திரை தயங்காது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்செல் தன் கணக்கீட்டையே பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பு போதுமா என்று ஆயிரக்கணக்கான எதிர்காலங்களைக் கற்பித்துப் பார்க்கும் மான்டே கார்லோ முறையிலோ, ஒவ்வொரு கற்பனையும் தனித்து நிற்பது. அங்கே நாற்பதின்மருக்கும் வேலை உண்டு.

ஆதலின், நேயர்களே, அன்றாட வரவு செலவு எழுதுவதற்கென்றே கூடுதல் கோர்களுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. அப்பணத்தை வேகமான சேமிப்பு வட்டுக்கோ, கணக்கின் நகலைக் காக்கும் மற்றொரு வட்டுக்கோ செலவிடுதல் மேல். கணக்கர் எத்தனை பேராயினும், நாம் எழுத மறந்த செலவை அவர்கள் கூட்டித் தர இயலாது.