நினைவகத்தை அளந்த வரலாறு

பெரியகல்லாற்றுக்கு அண்மையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவி கடந்தோர் ஓருண்மையை அறிவர். பாதை பெரிதாயின் ஒரு தடவையில் ஏறுவோர் தொகை மிகும். துறையிற் காத்து நிற்கும் நேரமோ அதனாற் குறைவதில்லை. கணினி நினைவகத்தை அளக்க முற்பட்டோரும் இவ்விரண்டையும் வேறு பிரித்தறியப் பல்லாண்டு செலவிட்டனர்.

தொடக்கத்திற் கேட்கப்பட்ட வினா, எவ்வளவு கொள்ளும் என்பதே. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த நரசிம்மன் என்னும் அறிஞர் முன்னின்று உருவாக்கிய கணினி 1960இல் இயங்கத் தொடங்கிற்று. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். காந்த வளையங்களாலான அதன் நினைவகம், 40 இருமவிலக்கம் கொண்ட சொற்கள் 2,048ஐ மட்டுமே தாங்கிற்று. இன்றைய கணக்கில் அது பத்தாயிரம் பைற்றுச் சொச்சம். சிறு நிழற்படமொன்றும் அதனுள் அடங்காது.

ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் ஒற்றைத் திரான்சிற்றர் நினைவுக் கலத்துக்கு 1968இற் காப்புரிமை பெற்றார். 1970இல் இன்ரெல் நிறுவனத்தின் 1103 சில்லு வெளிவந்தது. கொள்ளளவு மலிய, வேகமே வினாவாயிற்று. 1991இல் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்து யோன் மக்கல்பின் 'ஸ்ரீம்' என்னும் சோதனையை வகுத்தார். நீண்ட எண்வரிசைகளைப் படியெடுத்தல், பெருக்கல், கூட்டல், பெருக்கிக் கூட்டல் என்னும் நான்கு செயல்களே அதிலுண்டு. வரிசைகள் செயலியின் பதுக்ககத்தைப் போல் நான்கு மடங்கேனும் நீளமாதல் வேண்டுமென்பது விதி. அன்றேல் அளக்கப்படுவது பதுக்ககமேயன்றி நினைவகமன்று. இவ்விதியை மறந்து வெளியிடப்படும் அளவீடுகள் இன்றும் பல.

இனி எண்களை நோக்குவாம். 2000ஆம் ஆண்டில் நியமமான முதற்றலைமுறை டீ.டீ.ஆர். நினைவகத்தின் 266 வகை, செக்கனுக்கு ஏறத்தாழ 2.1 கிகாபைற்று வழங்கிற்று. இரு துடிப்புத் தாமதமுடையதாயின் காத்திருப்பு 15 நனோசெக்கன். 2020இல் நியமமான ஐந்தாந் தலைமுறையின் 4800 வகை 38.4 கிகாபைற்று வழங்கும். நாற்பது துடிப்புத் தாமதத்தில் அதன் காத்திருப்பு 16.7 நனோசெக்கன். பாதை பதினெட்டு மடங்கு பெருத்தது. துறையிற் காத்திருப்பு ஒரு சிறிதும் குறையவில்லை! செயலியின் விரைவுக்கும் நினைவகத்தின் விரைவுக்கும் இடையே எழும் இத்தடையை 1995இல் வுல்ப், மக்கீ என்னும் இருவர் 'நினைவகச் சுவர்' என்றனர்.

கடைக்காரர் முன்வைக்கும் இரு சோடிகளை இவ்வொளியிற் காண்க. ஒன்று 3200, தாமதம் 16. மற்றது 3600, தாமதம் 18. கணக்கிடின் இரண்டின் காத்திருப்பும் சரியாகப் 10 நனோசெக்கனே. பெரிய எண்வரிசைகளை ஓயாது அள்ளும் வேலைக்குப் பின்னது சிறக்கும். சிதறிய தரவுகளை ஒவ்வொன்றாகத் தேடும் வேலைக்கு மிகுதிப் பணங் கொடுப்பது பெரும்பாலும் வீண். கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கணினி வாங்குவோர், மேலட்டை எண்ணைப் பாராது, ஒரே தாய்ப்பலகையில், ஒரே செயலியுடன், தட்டுகள் இரண்டையும் பொருத்தி, அறிவிக்கப்பட்ட வேகத்தில் அவை உண்மையில் இயங்குகின்றனவா என முதலிற் பார்த்தல் வேண்டும். அமைப்பை மாற்றாதுவிடின் 3600 எனப் பொறிக்கப்பட்ட தட்டும் பொது நியம வேகத்திலேயே அடங்கிக் கிடக்கும்.