எந்தத் தெரு?

"எந்த ஊருடே?"

"இன்ன ஊருங்கய்யா."

"ஊர்ல எந்தத் தெரு?"

கடை வேலைக்கான நேர்முகத் தேர்வு எங்கள் பக்கத்தில் ரொம்ப காலம் இவ்வளவுதான். 1976-ல் என் சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு டவுனில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்கு வேலை கேட்டுப் போனார். மனக்கணக்கில் புலி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் இடையில் முதலாளி அவருடைய கையெழுத்தைக்கூட வாங்கிப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். தெருவைச் சொன்னதும், முகம் மாறாமலே, "கடைக்குள்ள ஆளு இருக்கு. பின்னால லாரி நிக்கு, மூட்டை எறக்குதியா?" என்றாராம். சித்தப்பா இறக்கினார். பதினாறு வருசம் இறக்கினார். முதலாளி எந்தச் சாதி என்பது இங்கே முக்கியமில்லை. கடைவீதியில் யார் கடைக்குப் போயிருந்தாலும் அந்தக் கேள்வி காத்துக்கொண்டுதான் இருந்தது.

கடைக் கூலியின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் ரூபாயை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு இவ்வளவு, இன்றைக்கு இவ்வளவு, விலைவாசி இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் சித்தப்பாவுக்குப் பெரிய நட்டம் இல்லை. கடைக்குள் பொட்டலம் மடித்த பையனைவிட மூட்டை தூக்கிய அவர் கையில் சில மாதங்களில் காசு கூடவே புரண்டது. அப்படியானால் நட்டம் எங்கே?

பழைய கடை வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒரு பையன் வருவான். சொந்தக்காரப் பையன், அல்லது அதே சாதியில் கஷ்டப்பட்ட வீட்டுப் பையன். மூன்று வேளைச் சோறு, தீபாவளிக்கு வேட்டி சட்டை, ராத்திரி கடைக்குள்ளேயே படுக்கை. சம்பளம் என்று கையில் பெரிதாக ஒன்றும் வராது. முதலாளியின் பேரேட்டில் அவன் பேரில் வரவு ஏறிக்கொண்டிருக்கும். கேட்டால் சுரண்டல்தான். அடியும் உண்டு, வசவும் உண்டு. ஆனால் கூட்டிப் பெருக்கியவன் பொட்டலம் மடிப்பான், பிறகு தராசு பிடிப்பான், பிறகு முதலாளியோடு கொள்முதலுக்குப் போவான், ஒரு நாள் முதலாளி சாப்பிடப் போகையில் கல்லாவில் உட்காருவான். எந்த ஊர் மிளகாய் எந்த மாதம் வரும், எந்த மண்டிக்காரன் நாணயஸ்தன், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் கேட்டால் கொடுப்பான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து வருசம் கழித்துப் பேரேட்டில் கிடந்த பணத்தோடும் முதலாளியின் வாய்ச்சொல் ஜாமீனோடும் அவன் தனிக்கடை வைப்பான். அவன் வாங்கிய உண்மையான கூலி அதுதான்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதையே பர்மா வரைக்கும் கொண்டுபோனார்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், ஏஜெண்டு என்று அங்கே படிகளுக்குப் பெயரே இருந்தது. நாடார்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தோற்றவர்கள். 1899-ல் சிவகாசியில் தாக்கப்பட்டவர்கள். அவர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். 1910-ல் மகாஜன சங்கமும் 1921-ல் வங்கியும் கண்டார்கள். தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட ஒரு சமூகம் கடையை ஏணியாக்கி ஏறியதில் நாம் பொறாமைப்பட ஒன்றுமில்லை. படிக்க வேண்டிய பாடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏணியின் கீழ்ப்படியில் கால் வைக்கவே சொந்தபந்தம் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சொந்தபந்தம் மட்டுமா? தொடுதலும் இருந்தது. கடையில் விற்பவன் அரிசியை அளக்கிறான், எண்ணெயை ஊற்றுகிறான், புளியைக் கையால் பிய்த்துக் கொடுக்கிறான். ஊர்ச் சோறு அவன் கைவழியாகப் போகிறது. எங்கள் அம்மாச்சி உப்பு வாங்கப் போனால் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும். உப்பு மேலேயிருந்து மடியில் விழும். வாங்குவதற்கே இந்த லட்சணம் என்றால் விற்பதற்கு யார் விடுவார்கள்? இது கிராமத்துக் கடையின் பின்தங்கிய புத்தி என்று நினைக்க வேண்டாம். இயந்திரம் ஓடிய பம்பாய் பஞ்சாலைகளிலேயே நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அதனால் மற்றத் தொழிலாளிகள் ஒப்ப மாட்டார்கள் என்பது சாக்கு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். கூலி உயர்வு கேட்கிறீர்களே, அந்தக் கூலியை வாங்கும் இடத்துக்கு எங்களை விடுவீர்களா என்கிற கேள்வி அது. கடைவீதியில் அதைக் கேட்க ஒரு சங்கம்கூட நமக்கு இல்லை.

சட்டம் வராமல் இல்லை. 1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவனைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் சொன்னது. 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. எல்லாம் கடைக்குள் நிற்பவனுக்கு. வாசலில் நிறுத்தப்பட்டவனைப் பற்றி இவற்றில் ஒரு வரி கிடையாது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடைக்குள் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. தொழில், வியாபாரம் செய்வதைத் தடுப்பதையும் சொன்னது. ஆனால் ஒருவர் கீழே வேலைக்குச் சேருவது என்கிற விசயம் அதில் வெளிப்படையாக இல்லை. 'எந்த வேலையிலும் அமர்வது' என்கிற சொற்கள் 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தன. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் அப்போதுதான் மாறியது. சித்தப்பா லாரியிலிருந்து முதல் மூட்டையை இறக்கிய அதே வருசம்! "ஆளு இருக்கு" என்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? யார் சாட்சி?

1992-ல், முதுகு போன பிறகு, சித்தப்பா எங்கள் காலனியில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். பதினாறு வருசம் எந்தக் கடைக்கு மூட்டை இறக்கினாரோ அதே கடைக்குச் சரக்கெடுக்கப் போனார். "ரொக்கம் வச்சா சரக்கு" என்றார்கள். அவர் கண் முன்னால் பொட்டலம் மடிக்க வந்த மூன்று பையன்கள் அதற்குள் தனிக்கடைக்காரர்கள். அவர்களுக்கு ஒரு மாதத் தவணை. சித்தப்பாவுக்கு ஒவ்வொரு மூட்டையின் எடையும் முதுகுக்குத் தெரியும். அதன் விலை மட்டும் தெரியாது, ஏனென்றால் பில் எழுதும் இடத்துக்கு அவர் போனதே இல்லை. ஊர்த்தெருவிலிருந்து ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட யாரும் வரவில்லை. காலனிக்காரர்களோ கடன் சொல்லி வாங்கினார்கள். இரண்டு வருசத்தில் கடையை மூடினார். எங்கே நட்டம் என்று முன்னால் கேட்டேனே, இங்கேதான்.

எங்கள் ஊரில் நம்ம ஆள் ஒருவர் எல்லாத் தெருவுக்கும் அரிசி அளந்து போட்டது ரேசன் கடையில்தான். 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் ஊர் ஊராக நியாயவிலைக் கடை நடத்தின. இங்கே "எந்தத் தெரு" என்று கேட்டு ஆள் எடுக்க முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, இனச்சுழற்சி என்று வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அப்படி ஒரு விற்பனையாளர் வந்த முதல் மாதம் ஊர்த்தெருப் பெண்கள் பையை நீட்டியபடி முணுமுணுத்ததை நான் வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். மலிவு அரிசிக்கு முன்னால் தீட்டு எவ்வளவு நேரம் நிற்கும்? 2003 நவம்பரில் மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது பட்டதாரிகள்கூடத் தொகுப்பூதியத்துக்கு அந்தக் கவுண்டரில் போய் நின்றார்கள். அரசு கடைக்காரனானால் எப்படிப்பட்ட கடைக்காரனாவான் என்பது தனிக் கதை.

தனியார் கடை மாறியது வேறு வழியில். தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் மற்ற நகரங்களிலும் மாடி மேல் மாடியாகத் துணிக்கடைகள் எழுந்தன. அவற்றை நிரப்பச் சொந்தக்காரப் பையன்கள் போதவில்லை. தென்மாவட்டக் கிராமங்களுக்கு ஏஜெண்டுகள் வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் எந்தத் தெருவிலும் பிள்ளைகள் கிடைத்தார்கள். சரக்கு பாக்கெட்டுக்குள் போனதும் பில் கம்ப்யூட்டருக்குப் போனதும் இன்னொரு காரணம். தொடுவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை, காசைப் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. சேலையை விரித்துக் காட்டுபவள் ஒருத்தி, பில் போடுபவன் ஒருத்தன், பணம் வாங்குபவன் வேறு, பொட்டலம் கட்டுபவள் வேறு, வாசலில் சரிபார்ப்பவன் வேறு. கொள்முதல் முதலாளி வீட்டோடு சரி. பழைய பையன் ஒருவனே படித்த பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் நமக்குக் கதவு திறந்தது.

என் அக்கா மகள் 2004-ல் அப்படிப் போனாள். ரேசன் கார்டு நகல், ஊரில் ஒருவர் சிபாரிசு, அப்பாவும் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். தங்குமிடம், சாப்பாடு போக மாதம் 1,500 ரூபாய். காலையில் ஐந்து நிமிசம் பிந்தினால் பிடித்தம். நின்றே இருக்க வேண்டும். ஆளில்லாத மத்தியான நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. "தெருவக் கேட்டாங்களா?" என்று கேட்டேன். "கடையில கேக்கல மாமா. ஹாஸ்டல்ல பாய் விரிக்கும்போது பக்கத்துல படுத்தவ கேட்டா" என்றாள். ஆறு வருசத்தில் ஒரு மாடியைத் தாண்டி அவள் போனதில்லை. அவளுக்குப் பின்னால் வந்த, முதலாளி ஊர்க்காரப் பையன் சூப்பர்வைசர் ஆனான். 2010-ல் அவள் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து ஊர் திரும்பினாள். 'அங்காடித் தெரு' படம் வந்ததும் அந்த வருசம்தான். பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

உட்காரும் உரிமைக்குக் கோழிக்கோட்டில் விஜியும் பெண்கூட்டும் வருசக்கணக்கில் போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947 சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு நாற்காலிக்கு 74 வருசம். போன மாதம் ஒரு துணிக்கடையில் பார்த்தேன், ஸ்டூல் இருந்தது. அதன் மேல் சேலை அடுக்கியிருந்தார்கள்.

படித்தவனுக்காவது தெருக் கேள்வி தீர்ந்ததா? 2007-ல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்ததை வெளியிட்டார்கள். சாதி இந்துப் பெயருக்குப் பதில் வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பெயரே தெருவைச் சொல்லிவிடுகிறது.

அக்கா மகள் திரும்பி வந்த அன்று சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சம்பளத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"ஏ பிள்ள, அங்க கல்லால யாரு இருப்பா?"

"கல்லாவா? அது மேல, கண்ணாடி ரூம்ல இருக்காம் தாத்தா. நாங்க யாரும் பாத்ததில்ல."