சின்னம்மை: எதிர்ப்பாற்றல் இல்லாத பெரியவர்கள் (கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை)

சின்னம்மை, வேரிசெல்லா சோஸ்டர் வைரசால் உண்டாகும் தொற்றுநோய். சிற்றம்மை, நீர்க்கொளுவான், கொப்புளிப்பான் என்றும் வழங்கும். பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிடும். சிறுவயதில் அம்மை காணாமலே வளர்ந்தவர்களை அதே வைரஸ் கடுமையாகத் தாக்குகிறது. அவர்களிடையே இறப்பு விகிதம் பிள்ளைகளைவிட இருபது மடங்குக்கும் அதிகம். இத்தகைய பெரியவர்களுக்கு நோய் வந்து சேரும் முதன்மையான வழி வீடு. மகனுக்கோ மகளுக்கோ முத்துப் போட்ட பிறகுதான், தனக்கு இது வந்ததில்லை என்பது தாய்க்கோ தகப்பனுக்கோ நினைவுக்கு வருகிறது.

வகைப்பாடும் வரலாறும்

சித்த மருத்துவம் அம்மை நோய்களை வைசூரி என்ற பொதுப்பெயரில் பதினான்கு வகையாகப் பிரிக்கிறது. கொள்ளம்மை, கடுகம்மை, மிளகம்மை, வெந்தயம்மை, பாசிப்பயற்றம்மை என்று பல பெயர்கள் தானியத்தையும் சமையல் சாமானையும் ஒட்டியவை. கொப்புளத்தின் அளவும் உருவமும் பெயரிலேயே அடங்கிவிடுவதால் படிக்காத பாட்டியும் வகை சொல்ல முடிந்தது. பாலம்மை, கல்லுதிரி, உப்புதிரி, தவளையம்மை ஆகியவையும் இப்பட்டியலில் உண்டு. நீர் கோத்த கொப்புளத்தைக் குறிக்கும் நீர்க்கொளுவானே இன்றைய சின்னம்மை. நுட்பமான இந்தப் பகுப்பு பிற்காலத்தில் போதிய கவனம் பெறவில்லை.

ஐரோப்பாவில் சின்னம்மை நெடுங்காலம் பெரியம்மையின் இலேசான வடிவமாகவே கருதப்பட்டது. 1764இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோகல் அதற்கு வேரிசெல்லா என்று பெயரிட்டார். 1767இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று தெளிவுபடுத்தினார். அவருடைய கவலை நடைமுறை சார்ந்தது: சின்னம்மை கண்டவர்கள் பெரியம்மை இனித் தமக்கு வராது என்று நம்பி ஏமாந்தார்கள். 1875இல் ஸ்டைனர் கொப்புள நீரைப் பிறருக்குச் செலுத்தி அது தொற்றும் என்று காட்டினார்.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் உள்ள உறவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புலப்பட்டது. அக்கி கண்ட பெரியவர் இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதைப் புடாபெஸ்ட் மருத்துவர் போக்காய் கவனித்துச் சொன்னார். 1950களில் தாமஸ் வெல்லர் இரு நோய்களின் வைரசையும் ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். சின்னம்மை இறங்கிய பின் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் தங்கி, வயதான காலத்தில் அக்கியாக எழும். இதை 1965இல் விளக்கிய எட்கர் ஹோப்-சிம்ப்சன் பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் இருந்தவரல்லர், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் பொதுமருத்துவம் பார்த்தவர். ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தின் யெல் தீவுக்குச் சென்று, ஒதுங்கிய சிறு சமூகத்தில் நோய் எப்படி அற்றுப்போகாமல் நிலைக்கிறது என்று ஆராய்ந்தார். தட்டம்மை நிலைக்க லட்சக்கணக்கான மக்கள் வேண்டும். சின்னம்மைக்குச் சில நூறு பேர் போதும், ஏனென்றால் அது கிழவர்களின் நரம்பில் காத்திருக்கும்.

தமிழகத்தில் குயவர்கள் காவியைக் குழைத்து அக்கியின் மேல் எழுதும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. அக்கி எழுதிய பாட்டியின் மடியில் கிடக்கும் பேரனுக்குச் சின்னம்மை வந்தால் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடுவதில்லை. அக்கிக் கொப்புளத்தின் நீர், எதிர்ப்பாற்றல் இல்லாத மருமகளுக்கும் சின்னம்மையைத் தரும்.

பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் காலத்தில் சின்னம்மைக்குத் திடீர் முக்கியத்துவம் வந்தது. தகவல் தருவோருக்கு அரசு அறிவித்த பரிசு 1975இல் 1000 ரூபாயை எட்டியபோது, சந்தேகத்தின் பேரில் சொல்லப்பட்ட அம்மைகளில் பல சின்னம்மையாக இருந்தன. பெரியம்மையில் முத்துகள் முகத்திலும் கைகால்களிலும் நெருங்கி, எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும் அதிகம். புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் அடுத்தடுத்துக் காணப்படும். வீட்டுக்குள் பெரியம்மை பரவும் விதத்தைச் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் ஏ. ராமச்சந்திர ராவ் குழுவினர் 254 குடும்பங்களில் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டனர். சின்னம்மைக்கு அப்படியொரு உழைப்பு இங்கே செலவிடப்படவில்லை.

வீட்டுக்குள் பரவல்

ஹோப்-சிம்ப்சன் 1952இல் வெளியிட்ட குடும்ப ஆய்வில், சின்னம்மை நுழைந்த வீட்டில் அதுவரை வராதவர்களில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியது. 1962இல் அமெரிக்காவில் ராஸ் கண்டது 87 விழுக்காடு. பின்னதே இன்று பாடநூல்களில் நிலைத்துவிட்ட கணக்கு. வைரஸ் மூச்சுக்காற்றிலும் கொப்புள நீரிலும் பரவுகிறது. கொப்புளம் எழ ஓரிரு நாள் முன்பே தொடங்கி, கடைசிக் கொப்புளம் பொருக்காகும்வரை தொற்றும். உடலில் புகுந்து வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரம். வீட்டில் இரண்டாவதாகக் காண்பவருக்கு முதலாமவரைவிடக் கொப்புளம் மிகுதி. நாள் முழுதும் அருகிலிருந்து அதிக வைரசை வாங்கிக்கொள்வதே காரணம்.

மலைவாழ் பெரியவர்கள்

குளிர்நாடுகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் சின்னம்மை வந்துவிடும். வெப்பநாடுகளில் அப்படியில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெங்கிட்டராமனும் டி. ஜேக்கப் ஜானும் 1984இல், தங்கள் மருத்துவமனை ஊழியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் இந்நோய் பரவலாக இருப்பதைப் பதிவு செய்தனர். வெப்பத்தில் வைரஸ் நலிவதே காரணம் என்பது ஒரு கருத்து. வெயிலின் புறஊதாக் கதிர் கொப்புளத்திலேயே வைரசை அழிக்கிறது என்பது 2011இல் ரைஸ் முன்வைத்தது. 1998இல் மண்டல் குழுவினர் மேற்கு வங்கத்தில் நகரையும் கிராமத்தையும் ஒப்பிட்டு, இது கிராமப்புற நிகழ்வு, முன்பு தொற்றை எதிர்கொள்ளாததால் நேர்வது என்று காட்டினர். கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைக்குப் பொருந்துவது இந்த விளக்கமே. மலை சமவெளியைவிடக் குளிர்ச்சியானது. ஆகவே வெப்பத்தைக் காரணமாகச் சொல்வதில் பயனில்லை.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரம். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் (நிலமானியம் பெற்றவர்களின்) கீழிருந்த மலையை 1976இல் அரசு ஏற்றது. அதுவரை சாலையும் பள்ளியும் மருத்துவமும் பெயரளவுக்குக்கூட இல்லை எனலாம். சிதறிய சிற்றூர்களில் சின்னம்மை ஆண்டுதோறும் வருவதில்லை. வராத இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள், நோயை அறியாமலே பெரியவர்களாகிக் கேரளத் தோட்டங்களுக்கும் குடகுக்கும் வேலைக்குப் போகிறார்கள். பங்குனி, சித்திரையில் அங்கிருந்து திரும்புபவருடனோ, உண்டு உறைவிடப் பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையுடனோ நோய் மலையேற வழியிருக்கிறது.

சின்னம்மை வந்ததுண்டா என்று கேட்டால் கிடைக்கும் “எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டிருக்கு” என்ற பதிலை அப்படியே ஏற்க இயலாது. அது தட்டம்மையாக, அதாவது மணல்வாரியாக இருந்திருக்கலாம். முதியவரானால் பெரியம்மையாகவும் இருக்கலாம். இரண்டும் சின்னம்மையைத் தடுப்பதில்லை. குருதியில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே உறுதி தரும்.

வழக்கங்கள்

அம்மை போட்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவர். வெளியார் உள்ளே வருவதில்லை. வீட்டார் விசேஷங்களுக்குப் போவதில்லை. தாளிப்பு, கவுச்சி, எண்ணெய் கிடையாது; இளநீர், நுங்கு, கூழ் கொடுப்பர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீரை மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள்களில் தலைக்கு ஊற்றி, மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து முடிப்பர். நோயைத் தெருவுக்குப் போகவிடாமல் காப்பதில் இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்தச் சட்டமும் செய்ததில்லை. ஆனால் தடை வாசலோடு நின்றுவிடுகிறது. வேப்பிலை செருகும் முன்பே இரண்டு நாள் தொற்று ஓடிவிட்டிருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்த பிறகு, பணிவிடை செய்த தாய்க்குக் கொப்புளம் எழும். ஏற்கெனவே கண்டவரையே பக்கத்தில் இருக்கவிடும் குடும்பங்களும் உண்டு. அது சரியான முறை.

அம்மை போட்டால் மருந்து கூடாது என்ற கட்டுப்பாடு பெரியவர்களுக்குக் கேடு. அசைக்ளோவிர் மாத்திரை (பெரியவருக்கு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள்) கொப்புளம் எழுந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும். முதல் வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் கண்டால் அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அபாயம் அதிகம். முதல் இருபது வாரக் கர்ப்பத்தில் வந்தால் சிறு விழுக்காட்டுச் சிசுக்களுக்கு உறுப்புக் குறை நேரும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன் தொடங்கி இரண்டு நாள் பின் வரையிலான காலத்தில் தாய்க்குக் கொப்புளம் எழுந்தால் பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

தடுப்பூசி

சின்னம்மைத் தடுப்பூசியை ஜப்பானின் மிச்சியாக்கி தகாஹாஷி 1974இல் உருவாக்கினார். பெரியவர்களுக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வீட்டில் நோய் நுழைந்த மூன்று நாளுக்குள், தாமதமானால் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பயனுண்டு. கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை, அவர்களுக்குப் பத்து நாளுக்குள் தனி இம்யூனோகுளோபுலின் தரலாம், கிடைத்தால். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்படவில்லை. தனியாரிடம் விலைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்றைய நிலை

கல்வராயன் மலை வட்டம் அடங்கிய கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.