நடுகல் காணாத நினைவுகள்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்தல் பண்டைத் தமிழர் மரபு. கல் நடும் முறையைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துரைக்கின்றது. கற்கள் பல சிதைந்தன. எனினும் அவ்வீரரைப் பாடிய புறப்பாடல்கள் இன்றும் வாழ்கின்றன. அத்தகைய மரபில் வந்த மலாயாத் தமிழர் பல்லாயிரவர், இரண்டாம் உலகப் போரின்போது, பெயர் பொறித்த கல் ஒன்றுமின்றிச் சயாம் காடுகளில் மடிந்தனர்.

1942ஆம் ஆண்டில் சப்பானியப் படையினர், சயாமின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசாயாட்டையும் இணைக்க, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை அமைக்கத் தொடங்கினர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அதில் உழைத்த போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர்; அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களினும் பன்மடங்காக இருந்த ஆசியத் தொழிலாளருள், தோட்டப்புறத் தமிழர் மிகப் பலர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையான ஆசியர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். மதிப்பிட முடிகின்றதேயன்றி, அவர்தம் பெயர்களைச் சொல்ல முடிவதில்லை.

கைதிகளிடம் எழுதுகோல் இருந்தது. ஆங்கில ஓவியர் ரொனால்ட் சேர்ல் தாம் கண்ட கொடுமைகளை மறைவாக வரைந்து, வாந்திபேதி நோயாளரின் படுக்கைகளின் கீழ் ஒளித்துக் காத்தார். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய திரைப்படம் கைதிகளின் கதையை உலகறியச் செய்தது. ஆனால், அதில் தமிழ்த் தொழிலாளியின் துயரம் இடம்பெறவில்லை. கலை நினைவைக் காக்கும். தான் காணாதவரை மறக்கவும் செய்யும்.

சயாமிலிருந்து மீண்டவர்கள் தம் துயரை வாய்மொழியாகவே சொல்லி வைத்தனர். பல பத்தாண்டுகள் கழித்து ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அத்துயருக்கு எழுத்துருவம் தந்தன. நாவல் ஆவணமன்று; அதிலுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியும் வரலாறும் அன்று. ஆயினும், வெறும் எண்ணிக்கையாய்க் கிடந்தவர்களை, தாயும் மனைவியும் மக்களும் உடைய மனிதராகக் காட்ட வல்லது அதுவே.

மீண்டு வந்தோருள் பெரும்பாலோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டவர்களும் இன்று முதியோர். வரலாற்றை நூலிலிருந்து பயிலும் மாணவன், தன் வீட்டுப் பெரியவரிடமும் ஒருமுறை கேட்கட்டும்: "நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்?" கிடைக்கும் பெயரை அவன் ஏட்டில் எழுதி வைப்பானாயின், அவ்வேடே அப்பெயருக்குரியவரின் நடுகல்லாகும்.