மிச்ச வேகம் யாருக்கு உரியது?

என்னிடம் தமிழ் பயிலும் இளங்கலை மாணவர் ஒருவர், உதிரிகளை வாங்கி வீட்டிலேயே கணினி ஒன்றைத் தாமே பூட்டப்போவதாகச் சொல்லி, ஓவர்கிளாக்கிங் செய்வதற்கு எந்த மதர்போர்டு உகந்தது என்று சென்ற மாதம் கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று உடனிருந்தவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவப் பருவத்தில் இதே கேள்வியோடு கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். அவருக்கு அன்று ஏதோ ஒரு விடை சொல்லி அனுப்பினேன். ஆயினும் அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அதைச் சொல்லாமல் விடை முழுமையாகாது என்பதும் பின்னரே தோன்றின.

எழுத்தொலியின் காலத்தை மாத்திரை என்னும் அலகால் அளந்தது நம் இலக்கணம். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் அதற்கு அளவு. கணினிக்கும் அத்தகைய ஒரு மாத்திரை உண்டு. மதர்போர்டில் பதிக்கப்பட்ட சிறு குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் சீரான அதிர்விலிருந்து பலகையின் கடிகாரத் துடிப்பு பிறக்கிறது. அத்துடிப்பை இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொண்டு செயலி இயங்குகிறது. பலகை 100 மெகாஹெர்ட்ஸில் துடிக்க, செயலியின் பெருக்கம் நாலரை என்றால் வேகம் 450 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடியில் 45 கோடித் துடிப்புகள். தயாரித்தவர் குறித்த அளவைத் தாண்டிச் செயலியை ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங்.

தாண்ட முடிவது எதனால்? ஒரே வார்ப்பில் பிறக்கும் சில்லுகள் யாவும் ஒரே திறனுடையவை அல்ல. அவற்றைச் சோதித்து, வெப்பத்துக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் இடம்விட்டு, பாதுகாப்பான ஒரு வேகத்தை நிறுவனம் குறிக்கிறது. ஆகவே சிறிது மிச்சம் எப்போதும் இருக்கும். சந்தையில் மலிவுச் சரக்குக்குத் தேவை மிகும்போது, விரைந்து ஓடக்கூடிய சில்லின் மீதும் குறைந்த வேகத்தின் பெயரே பொறிக்கப்படும். அப்போது மிச்சம் பெரிதாகிறது. அந்த மிச்சம் விற்றவருக்கு உரியதா, வாங்கியவருக்கு உரியதா? இக்கேள்வியைச் சுற்றியே இந்த வரலாறு நகர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

1981இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஏடியின் பலகையிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பாதியாக்கியே அந்த 6 பெறப்பட்டது. இதை அறிந்த பயனர்கள் அப்படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினர். கணினி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐபிஎம் பின்னர் தன் பயாஸை மாற்றியது. கணினி உயிர்பெறும் வேளையில் வேகம் சோதிக்கப்பட்டு, குறித்ததற்கு மேல் இருந்தால் இயக்கம் மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் இதுவே முன்மாதிரி எனலாம்.

486, பென்டியம் காலத்துப் பலகைகளில் ஜம்பர்கள் இருந்தன. சிறு பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை ஓர் ஊசி இணையிலிருந்து அடுத்ததற்கு மாற்றினால் துடிப்போ பெருக்கமோ மாறிவிடும். கடைக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதுதான் சிக்கல். மெதுவான செயலியின் மேலிருந்த குறியை அழித்து, உயர்ந்த வேகத்தைப் பொறித்து விற்ற மோசடி தொண்ணூறுகளில் பல நாடுகளில் நடந்தது. அதைத் தடுக்கவே பெருக்கத்தைப் பூட்டுவதாக இன்டெல் சொன்னது. அக்காரணம் பொய்யன்று. ஆனால் ஏமாற்றுக்காரருக்குப் போட்ட பூட்டு, தன் பொருளைத் தானே சோதித்துப் பார்க்க விரும்பியவரின் கதவையும் அடைத்தது. எஞ்சியது பலகையின் துடிப்பு ஒன்றே. மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலையாக மாறியது இந்த இடத்தில்தான்.

1998 ஏப்ரலில் இன்டெல் செலரான் என்னும் மலிவுச் செயலியை வெளியிட்டது. 266 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட அதில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் அறவே இல்லை. விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ வேறு வகையானது. 128 கிலோபைட் கேஷ் அதன் சில்லிலேயே இருந்தது. செயலியின் முழு வேகத்தில் இயங்கியது. உயர்குடிச் செயலியான பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும், அது பாதி வேகத்தில்தான் இயங்கியது. ஒரே நாளில் வெளியான இவ்விரண்டின் மொத்த விலைகளை ஒப்பிட வேண்டும்: செலரான் 300ஏ 149 டாலர், 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 669 டாலர்.

300ஏவின் பெருக்கம் நாலரையில் பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பலகைத் துடிப்பில் அது 300. துடிப்பை 100 ஆக்கினால் 450. எண்ணற்ற 300ஏக்கள் அந்த வேகத்தில் தடுமாற்றமின்றி ஓடின.

ஆனால் எந்தப் பலகையிலும் இது கைகூடிவிடாது. பலகைத் துடிப்பைக் கூட்டும்போது அதனோடு பிணைந்த பிசிஐ பாதையும் விரைகிறது. பிசிஐக்கு விதித்த அளவு 33 மெகாஹெர்ட்ஸ். 66இன் பாதி 33. துடிப்பை 83 ஆக்கினால் பிசிஐ 41ஐத் தாண்டும். வன்தட்டில் எழுதியவை சிதையும். 100இல் ஓட, மூன்றில் ஒரு பங்காக வகுக்கத் தெரிந்த சிப்செட் வேண்டும். 1998இல் வந்த இன்டெல்லின் 440பிஎக்ஸ் அத்தகையது. 100 அதற்கு முறைப்படி விதித்த துடிப்பே. ஆகவே 300ஏவை 450இல் ஓட்டியவரின் கணினியில் செயலி ஒன்றே வரம்பு மீறியது. மற்ற உறுப்புகள் யாவும் தம் அளவில் நின்றன. புகழ்பெற்ற அந்த வெற்றியின் மறைபொருள் இதுதான். துணிச்சலைவிடப் பொருத்தம் அதில் மிகுதி.

தைவான் நிறுவனமான ஏபிட்டின் பிஎச்6 பலகை பெயர்பெற்றதும் இதனால்தான். ஏசஸின் பி2பி போன்ற நல்ல பலகைகளில் அப்போதும் ஜம்பர்களே இருந்தன. ஏபிட் அவற்றை நீக்கி, சாஃப்ட்மெனு என்ற பெயரில் துடிப்பையும் மின்னழுத்தத்தையும் பயாஸ் திரையிலேயே மாற்றத் தந்தது. பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. வேறு பலகை வைத்திருந்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. செயலி அட்டையின் பி21 என்னும் முனை, தனக்கு 66 போதும் என்று பலகைக்குச் சொல்லும். அம்முனையை ஒட்டுநாடாத் துண்டாலோ நகப்பூச்சாலோ மூடிவிட்டால், 100ஐ ஏற்கும் பலகை 100ஐ அளித்துவிடும்.

1999இல் ஏபிட் வெளியிட்ட பிபி6 இன்னும் துணிச்சலானது. இரண்டு செயலிகளைச் சேர்த்து ஓட்டுவது விலையுயர்ந்த கணினிகளுக்கே என்று இன்டெல் வகுத்திருக்க, பிபி6 இரண்டு செலரான்களை அருகருகே அமர்த்தியது. 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் இரண்டை 550இல் ஓட்டியவர் பலர். விண்டோஸ் 98க்கு இரண்டாம் செயலியைப் பயன்படுத்தத் தெரியாது. என்டியும் லினக்ஸும் பயன்படுத்தின. 2000இல் ஏஎம்டியின் டியூரான், தண்டர்பேர்ட் ஆத்லான் செயலிகளிலோ பூட்டைத் திறக்கப் பள்ளிக்கூடத்துப் பென்சில் போதுமாயிற்று. சில்லின் மேற்பரப்பில் துண்டிக்கப்பட்டிருந்த எல்1 இணைப்புகளின் மீது பென்சிலால் கோடிழுத்தால் கரி மின்சாரத்தைக் கடத்தும், பெருக்கம் விடுபடும்.

இந்த வீரகாதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002இல் முதுகலை படித்தபோது நண்பர்கள் மூவர் பணம் சேர்த்து ஒரு கணினி வாங்கினோம். வேகத்தைக் கூட்டியும் வைத்திருந்தோம். ஓராண்டு கழிந்ததும் காரணமின்றி நின்று நின்று எழுந்தது. ஒருநாள் எழவே இல்லை. திறந்து பார்த்தபோது செயலியைச் சுற்றி நின்ற மின்தேக்கிகளின் தலைகள் உப்பிப் பழுப்புநிறக் கசிவு உறைந்திருந்தது. நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அந்த நிற்றல்களில் ஏற்கனவே சிதைந்துபோயிருந்தன. மிகைவேகமே குற்றவாளி என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது பாதி உண்மையே. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தயாரான பற்பல பலகைகளில் இந்நோய் இருந்தது. நீர் மிகுந்த மின்பகுளியைச் சரியான சேர்மானமின்றி நிரப்பிய மின்தேக்கிகளுக்குள் வாயு உண்டாகி அவை வெடித்தன. வேகத்தைக் கூட்டாதவர்களின் கணினிகளும் மாண்டன. புகழ்பெற்ற பிபி6 பலகைகளிலும் மின்தேக்கிகள் பழுதாயின. செயலியின் மிச்சத்தைக் கணக்கிட்ட நாங்கள், அதற்கு மின்சாரம் ஊட்டும் உறுப்பில் மிச்சம் உண்டா என்று கேட்கவில்லை.

1989இல் தோன்றிய ஏபிட்டின் மதர்போர்டுத் தொழில் 2006இல் கைமாறி, 2008 முடிவோடு நின்றது. ஆர்வலர் உலகம் அதற்கு இரங்கியது. 2011இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது ஆட்டமே மாறியது. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா முதலிய அனைத்தும் 100 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே துடிப்பில் கட்டுண்டன. அதை ஒரு சில விழுக்காட்டுக்கு மேல் கூட்டினால் எல்லாமே தடுமாறும். மறுபுறம், பெருக்கம் திறந்த செயலியைக் கே என்னும் எழுத்தோடு இன்டெல்லே விற்றது. ஐ5-2500 205 டாலர். ஐ5-2500கே 216 டாலர். பி67 சிப்செட் கொண்ட பலகையில் அந்தத் திறப்பு பயன்பட்டது. எச்67 பலகையில் பயன்படவில்லை. நாடாத்துண்டால் எடுத்துக்கொண்டது அங்காடிப் பொருளாயிற்று. 2017இல் ஏஎம்டி தன் ரைசன் செயலிகள் அனைத்திலும் பெருக்கத்தைத் திறந்து வைத்தது. ஆயினும் பி350, எக்ஸ்370 பலகைகளுக்கே அவ்வசதி. மலிவான ஏ320க்கு இல்லை. பூட்டு செயலியிலிருந்து பலகைக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

இன்று அந்த மிச்சமும் சுருங்கிவிட்டது. வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் தானே அளந்து, இடமிருக்கும்வரை வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும்படி செயலிகள் ஆக்கப்பட்டுள்ளன. முன்பு வாங்கியவர் கண்டெடுத்ததை இப்போது விற்பவரே எடுத்து விலையில் சேர்த்துவிடுகிறார். இதைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். அந்த வேகம் எல்லாருக்கும் அச்சமின்றிக் கிடைக்கிறது. ஆனால் தன் உடைமையின் எல்லை எது என்பதைத் தானே தேடிக் காணும் உரிமை ஒன்று இருந்தது. அது விலைப்பட்டியலில் ஓர் எழுத்தாகிவிட்டது என்பதை மட்டும் குறித்து வைக்க விரும்புகிறேன்.

மாணவரை மீண்டும் அழைத்துச் சொன்னேன்: உங்கள் செயலி திறந்ததா என்று முதலில் பாருங்கள். அதைத் திறக்க அனுமதிக்கும் சிப்செட்டா என்று அடுத்துப் பாருங்கள். பிறகு பெட்டியின் மீதுள்ள எண்களை மறந்துவிட்டு, செயலிக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியைப் பாருங்கள். அது எத்தனை கிளைகளாகப் பகிர்ந்து ஊட்டுகிறது, அதன் மேல் நல்ல வெப்பத் தணிப்பான் உண்டா, மின்தேக்கிகள் திண்ம வகையா என்று கேளுங்கள். வேகத்தைக் கூட்டாமலே விட்டாலும் அப்பலகை பல்லாண்டு உழைக்கும்.

எழுதியவற்றுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைக்கும்படியும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரண்டு இயல்களின் கதையையும் சொல்லியிருப்பேன்.