துருக்கித் தொப்பியும் சமத்துவச் சட்டமும்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் துருக்கித் தொப்பி அணிந்த முன்னோர்களின் படங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சிவப்புத் தொப்பியை மார்க்கத்தின் சின்னம் என்றே நம்மில் பலர் எண்ணிவந்துள்ளோம். உண்மையில் அது ஓர் அரசாங்கச் சீர்திருத்தத்தின் எச்சம்.

1829இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அரசு அலுவலர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார். அதுவரை ஒருவர் முஸ்லிமா, கிறிஸ்தவரா, யூதரா என்பதைத் தலைப்பாகையே தெருவில் சொல்லிவிடும். கிரேக்கம் கைநழுவிக்கொண்டிருந்த காலம். எல்லாரையும் ஒரே குடிகளாக்கினால்தான் அரசு நிலைக்கும் என்று அரண்மனை கருதியது. 1839இன் குல்ஹானே ஆணை அனைவரின் உயிர், மானம், சொத்து ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. 1856இன் ஆணை, அரசுப் பணியிலும் கல்வியிலும் சமவுரிமை வழங்கியது. ஜிஸ்யாவும் நீங்கியது.

நீங்கியது என்று சொன்னோமே, அதன் இடத்தில் படைச்சேவை விலக்கு வரி வந்தது. கொடுப்பவர் கையில் பெரிய மாற்றமில்லை. கிரிமியப் போரில் துணைநின்ற பிரிட்டனும் பிரான்சும் தந்த அழுத்தம் அந்த ஆணையின் பின்னால் இருந்தது. ஆகவே முஸ்லிம்கள் பலர் அதை அந்நியரின் கட்டளையாகப் பார்த்தார்கள். மூதாதையர் வென்ற உரிமை பறிபோனதாக வருந்தினார்கள். மறுபக்கமும் மகிழவில்லை. யூதர்களோடு தங்களையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்களே என்று கிரேக்கர் சிலர் குறைபட்டதை வரலாற்றாசிரியர் அஹ்மத் ஜவ்தத் பாஷா பதிந்துள்ளார். சமத்துவத்தை எவரும் மறுக்கவில்லை. தமக்குக் கீழே இருந்தவர் தம்மருகில் வந்து அமர்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கசப்பு 1860 ஜூலையில் திமிஷ்கில் வெடித்தது. ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். பிரெஞ்சுப் படையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடி, நாடிழந்து அங்கு வாழ்ந்த அல்ஜீரிய அமீர் அப்துல் காதிர் (ரஹ்) தம் ஆட்களைத் தெருவுக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திலும் கோட்டையிலும் காத்தார். கிறிஸ்தவ வல்லரசொன்றிடம் எல்லாவற்றையும் இழந்த ஆலிம் அவர். அவரை வெளியே இறக்கியது சுல்தானின் ஆணையன்று, அவர் கற்ற ஷரீஅத்.

எல்லா இடத்திலும் அப்துல் காதிர்கள் இருக்கவில்லை. 1876இல் வந்த அரசமைப்பை 1878இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் முடக்கினார். 1908இல் அது மீண்டபோது இஸ்தான்புல் தெருக்களில் பல மதத்தாரும் ஒன்றுகூடி மகிழ்ந்தனர். ஏழே ஆண்டுகளில், 1915இல், ஆர்மீனியர்கள் ஊரோடு பெயர்த்து விரட்டப்பட்டு இலட்சக்கணக்கில் மாண்டனர். கிலாஃபத்தின் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் சிந்தும் நம் மேடைகளில் இது பேசப்படுவதில்லை.

நாம் பேசியாக வேண்டும். ஜி.யு. போப் 1840களில் கல்விச்சாலை நடத்திய சாயர்புரம் இது. திருச்சபையை ஒட்டி வளர்ந்த ஊரில் நாம் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். அரசமைப்பின் 25ஆம், 30ஆம் பிரிவுகளை நம்பிப் பள்ளிவாசலையும் மதரஸாவையும் நடத்துகிறோம். அந்த நம்பிக்கையோடு சுல்தானின் ஆட்சியில் வாழ்ந்த ஆர்மீனியரின் நிலையை வாசித்தால், பழைய வரலாறு வேறாகத் தெரிகிறது.

தொப்பியின் கதைக்கு இலங்கையில் ஒரு தொடர்ச்சி உண்டு. 1905இல் யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் வாதிட வந்தபோது உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. இலங்கை முஸ்லிம்கள் திரண்டனர். மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் அனுமதி கிடைத்தது. மத வேறுபாடு தெரியாதிருக்க இஸ்தான்புல் அணிவித்த தொப்பியை, தம் தனித்தன்மையைக் காக்கக் கொழும்பில் ஒரு சிறுபான்மைச் சமூகம் அணிந்தது. 1925இல் துருக்கிக் குடியரசு அதே தொப்பியைத் தடைசெய்தது.